காணி துண்டாடும்போதே தீர்மானமாகும் நடை: மட்டக்களப்பு, அம்பாறைப் புறநகர்க் குடியிருப்புகள் எங்கே பிசகுகின்றன?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பிரதான வீதியில் பயணம் செய்பவர்கள், "10 பேர்ச் காணித்துண்டுகள் விற்பனைக்கு, 20 அடிப் பாதை, மின்சாரம், குழாய்நீர் வசதியுடன்" என்ற பலகைகளைக் கண்டிருப்பார்கள் (160 பேர்ச் ஓர் ஏக்கர்). ஊருக்குள் காணி கிடைக்காத நிலையில், வயல் ஓரங்களிலும் வாவிக்கரைத் தாழ்நிலங்களிலும் தென்னந்தோட்டங்களிலும் இவ்வாறான துண்டுகள் விலைபோகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதையடுத்து, "வாகனம் இருந்தால் எவ்வளவு தூரத்திலும் குடியிருக்கலாம்" என்ற எண்ணமும் வலுப்பெற்றுள்ளது. மறுபுறம், "15 நிமிட நகரம்", "நடைக்கு ஏற்ற குடியிருப்பு" போன்ற சொற்கள் இணையக் காணொளிகள் வழியாக இங்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. அது வெளிநாட்டு நாகரிகம் என்று சிலரும், வாகனங்களைத் தடைசெய்து மக்களை ஓரிடத்தில் அடைத்துவைக்கும் திட்டம் என்று வேறு சிலரும் பேசுகின்றனர்.

இக்கருத்து உண்மையில் எதைக் குறிக்கிறது, கிழக்குக் கரையோரத்துக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும், ஒரு காணித் துண்டாடல் வரைபடத்தில் எந்த இடத்தில் நடை சாத்தியமாகிறது அல்லது அடைபடுகிறது என்பவற்றை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடைக்கு ஏற்ற குடியிருப்பு என்றால் என்ன?

சாதாரண உடல்நிலையில் உள்ள ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர் வேகத்தில் நடப்பார். அதன்படி 400 மீற்றர் தூரத்துக்கு ஐந்து நிமிடமும் 800 மீற்றருக்குப் பத்து நிமிடமும் செல்லும். அன்றாடத் தேவைகளான சில்லறைக் கடை, ஆரம்பப் பாடசாலை, மருந்துக்கடை, வழிபாட்டுத் தலம், பேருந்துத் தரிப்பிடம் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்தத் தூரத்துக்குள், அச்சமின்றி நடந்து செல்லக்கூடிய வழியில் அமைந்திருந்தால் அது நடைக்கு ஏற்ற குடியிருப்பு. நான்கு கூறுகள் ஒன்றுசேர வேண்டும்.

1. தூரம்: தேவையான இடங்கள் அருகில் இருத்தல்.
2. இணைப்பு: அந்த இடத்துக்குச் சுற்றாமல் செல்ல வழி இருத்தல். அருகில் இருப்பதும் அருகில் போகக்கூடியதாக இருப்பதும் வேறு வேறு விடயங்கள். பின்னர் பார்க்கப்போவதுபோல், நமது புதிய குடியிருப்புகளின் முதற்குறை இங்கேதான் இருக்கிறது.
3. அடர்த்தி: ஒரு கடையோ பேருந்துச் சேவையோ நிலைத்து நிற்பதற்குப் போதிய குடும்பங்கள் இருத்தல்.
4. பாதுகாப்பும் நிழலும்: வாகன வேகம், வடிகான், வெயில், இரவு வெளிச்சம் ஆகியவை நடப்பவரை விரட்டாதிருத்தல்.

"15 நிமிட நகரம்" என்பது இதே கருத்தின் அண்மைக்கால வடிவம். பாரிஸ் பேராசிரியரான கார்லோஸ் மொரேனோ 2016இல் இதனை முன்வைத்தார். அப்போதைய பாரிஸ் மேயர் ஆன் இதால்கோ 2020ஆம் ஆண்டுத் தேர்தலில் இதனைத் தமது திட்டமாக எடுத்துக்கொண்ட பின்னர் உலகெங்கும் பரவியது. வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் நடந்தோ சைக்கிளிலோ தேவைகளை நிறைவேற்றிக்கொள்ள முடிய வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதற்கு அப்பால் செல்லக் கூடாது என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை.

வாகனத்தை நம்பிய புறநகர் எங்கிருந்து வந்தது?

வீடுகள் ஒரு பக்கம், கடைகள் வேறொரு பக்கம், தொழில் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைக்கும் புறநகர் முறை பெருமளவில் வளர்ந்தது அமெரிக்காவில். நிலப் பயன்பாட்டை வலயங்களாகப் பிரிக்கும் அதிகாரத்தை 1926இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1947இல் நியூயோர்க் அருகே தொடங்கிய லெவிற்டவுன் ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான தனி வீடுகளைக் கொண்டு எழுந்தது. 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், இத்தகைய குடியிருப்புகளை நகரங்களுடன் கார் வழியாக இணைத்தது. அங்கே கூட இப்போது திருத்தங்கள் நடக்கின்றன: ஒவ்வொரு கட்டடமும் இத்தனை வாகனத் தரிப்பிடம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியை பஃபலோ நகரம் 2017இல் நீக்கியது, தனி வீட்டுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்ட வலயங்களைக் கைவிட மினியாபொலிஸ் நகர சபை 2018 டிசம்பரில் வாக்களித்தது.

இங்கே அந்த முறை யாராலும் திட்டமிட்டுக் கொண்டுவரப்படவில்லை. கார் இல்லாத நிலையிலேயே, மோட்டார் சைக்கிளையும் முச்சக்கர வண்டியையும் நம்பி, ஒவ்வொரு காணி உரிமையாளரும் தமது எல்லைக்குள் தனித்தனியாக எடுத்த முடிவுகளால் அதே விளைவு உருவாகி வருகிறது. எனவே வெளிநாட்டுத் தீர்வை அப்படியே எடுத்துவருவதைவிட, இங்கே எது எதைக் குலைத்தது என்று பார்ப்பதே பயன் தரும்.

எழுவான்கரை நடைக்கு ஏற்ற நிலமாக இருந்தது எப்படி?

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பான எழுவான்கரையில், கல்லடி, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய், காத்தான்குடி, ஆரையம்பதி என்று தொடங்கி களுவாஞ்சிக்குடி, கல்லாறு வழியாக ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. தெற்கே அம்பாறை மாவட்டத்தில் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று அதே வரிசை தொடர்கிறது. நடுவே ஒரு பிரதான வீதி செல்கிறது. அதிலிருந்து கிழக்கே கடலை நோக்கியும் மேற்கே வாவியை அல்லது வயலை நோக்கியும் ஒழுங்கைகள் பிரிகின்றன. பல இடங்களில் கடற்கரையிலிருந்து வாவிக்கரை வரை நடந்தே போய்விடலாம். பேருந்துச் சேவைக்கு இதைவிட வாய்ப்பான நில அமைப்பு அரிது: ஒரே கோட்டில் ஓடும் ஒரு பேருந்து, ஊரின் பெரும்பாலான வீடுகளுக்கு நடை தூரத்தில் கடந்து செல்கிறது.

நில அமைப்பு பாதிக் காரணமே. மீதியை ஊர்வழமை செய்தது. கிழக்கில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பெண்ணுக்கு வீடு கொடுத்துத் திருமணம் செய்வதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியேறுவதும் நீண்டகால வழக்கம். மூத்த மகளுக்குத் திருமணமானதும் இருந்த வீடு அவளுக்குப் போகும். பெற்றோர் அதே வளவில் பின்புறமாக ஒரு சிறிய வீட்டுக்கு மாறுவர். அடுத்தவளுக்கு வளவின் இன்னொரு பகுதியில் வீடு எழும். இரண்டு தலைமுறைகளில், ஒரு வளவு சகோதரிகளினதும் அவர்களது மகள்மாரினதும் வீடுகள் கொண்ட ஒரு கூட்டமாக மாறிவிடும். இடையே கிடுகு வேலியோ தகர வேலியோ இருந்தாலும் அதில் ஆள் நுழையும் இடைவெளி ஒன்று விடப்பட்டிருக்கும். ஒரு பிள்ளை காலையில் அம்மம்மா வீட்டில் சாப்பிட்டு, பெரியம்மா வளவைக் கடந்து, பின் ஒழுங்கையால் பாடசாலைக்குப் போய்விடும். பிரதான வீதியில் கால் வைக்கத் தேவையே ஏற்படாது. ஒழுங்கை முடக்கில் வீட்டோடு சேர்ந்த ஒரு சிறு கடை. அடுத்த முடக்கில் கோயிலோ பள்ளிவாசலோ. திட்டமிடலாளர்கள் பெருமுயற்சியோடு உருவாக்க முனையும் கலப்புப் பயன்பாடு, நெருக்கம், குறுக்கு வழி ஆகிய மூன்றும் இங்கே குடும்ப அமைப்பிலிருந்தே பிறந்தன.

இதனை அழகுபடுத்திக் காட்டவும் கூடாது. வளவு துண்டாடப்பட்டுக்கொண்டே போனதன் விளைவாக, காத்தான்குடி நாட்டின் மிக நெருக்கமான குடியிருப்புகளுள் ஒன்றாகிவிட்டது. சில ஒழுங்கைகளில் அம்புலன்ஸ் நுழைவது கடினம். மணற்பாங்கான நிலத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் சில அடிகள் இடைவெளியில் இருக்கும்போது நிலத்தடி நீர் மாசடையும். கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லாத இடத்தில் நெருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. காணியின் ஆகக்குறைந்த அளவு குறித்த விதிகளுக்கு அதுவும் ஒரு நியாயம். அந்த எல்லையைத் தொட்ட குடும்பங்கள் இளைய மகளுக்கு வெளியே காணி தேடுகின்றன. புறநகரை நோக்கிய நகர்வின் பின்னால் ஆடம்பரத்தைவிட இந்தத் தேவையே பெரிதும் நிற்கிறது என்பதால், வெளியே போகாதீர்கள் என்று சொல்வதில் பொருளில்லை. போகும் இடத்தை எப்படி வகுப்பது என்பதே கேள்வி.

புதிய துண்டாடலில் என்ன மாறுகிறது?

நீளமான ஒரு தென்னந்தோட்டத்தையோ வயலையோ எண்ணிப் பாருங்கள். உரிமையாளர் நில அளவையாளரை அழைத்து, வீதியிலிருந்து காணியின் பின் எல்லை வரை ஒரு 20 அடிப் பாதையைப் போட்டு, இருமருங்கிலும் 40 அடி முகப்பும் 68 அடி ஆழமும் கொண்ட துண்டுகளை வரைவிக்கிறார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 பேர்ச். பாதை பின் எல்லை மதிலில் முட்டி நின்றுவிடும். சில ஆண்டுகள் கழித்துப் பக்கத்துக் காணியும் அதே முறையில் துண்டாடப்படும். அதன் பாதையும் தனியாக வந்து தனியாக முட்டி நிற்கும்.

இரண்டு பாதைகளும் 300 மீற்றர் நீளமானவை என்று கொள்வோம். முதற் பாதையின் கடைசி வீடும் அடுத்த பாதையின் கடைசி வீடும் முதுகோடு முதுகாக அமைந்தவை. ஒரு சமையலறையில் தாளிக்கும் வாசனை மற்றதில் தெரியும். ஆயினும் ஒருவர் மற்றவர் வீட்டு வாசலுக்குச் செல்ல 300 மீற்றர் முன்னே நடந்து, பிரதான வீதியில் சுமார் 50 மீற்றர் சென்று, மீண்டும் 300 மீற்றர் உள்ளே வர வேண்டும். இடையே ஒரு வழி இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய நடை, இப்போது 650 மீற்றராகவும் எட்டு நிமிடமாகவும் நீள்கிறது. இந்த விகிதத்தில் தூரம் நீளும்போது மக்கள் நடப்பதை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பது சோம்பலால் அல்ல.

இந்த முடிவு எடுக்கப்படும் தருணத்தையும் கவனிக்க வேண்டும். வீட்டின் கூரையை மாற்றலாம், மதிலை இடிக்கலாம், வீதிக்குக் கொங்கிறீட் போடலாம். துண்டுகள் விற்கப்பட்டு, தனித்தனி உறுதிகள் எழுதப்பட்டுப் பதிவான பின்னர் பாதைகளின் ஒழுங்கை மாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். மட்டக்களப்பு நகரின் மையமான புளியந்தீவுக்குள் இன்றும் நாம் நடப்பது பழைய வீதி ஒழுங்கில்தான். கட்டடங்கள் எத்தனையோ மாறிவிட்டன. எனவே அடுத்த மூன்று தலைமுறைகள் நடக்குமா, வாகனத்தை எதிர்பார்த்து நிற்குமா என்பது, விற்பனைப் பலகை நடப்படுவதற்கு முன்பே நில அளவைப் படத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

வாழ்வாதாரம் வேறிடத்தில், வீடு வேறிடத்தில் என்ற நிலை என்ன செய்யும் என்பதை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னரும் கண்டோம். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை கட்டுமானம் கூடாது என்று முதலில் அறிவிக்கப்பட்டது; நாவலடி போன்ற கரையோரத்து மக்களுக்கு நகருக்கு வடக்கே திராய்மடுவில் வீடுகள் அமைக்கப்பட்டன. உயிர்ப் பாதுகாப்பு என்ற நோக்கம் மறுக்க முடியாதது. ஆனால் விடியுமுன் தோணிக்குப் போக வேண்டிய ஒருவருக்கு, முன்பு காலடியில் இருந்த தொழில் இப்போது பயணம் செய்து சேர வேண்டிய இடமாகிவிட்டது. வீட்டைக் கொடுத்தாலும் தூரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் செலவு பயனாளியின் தலையில்தான் விழும்.

அடர்த்தி பற்றிய ஒரு கணக்கு

"10 பேர்ச் போதாது, 40 பேர்ச்சாவது வேண்டும்" என்ற விருப்பம் இயல்பானது. அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கடையை மையமாக வைத்து 400 மீற்றர் ஆரையில் வட்டம் வரைந்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டெயர், அதாவது 124 ஏக்கர். வீதி, பாடசாலை, விளையாட்டிடம் முதலியவற்றுக்கு 30 சதவீதத்தை ஒதுக்கினால் வீடுகளுக்கு ஏறத்தாழ 13,900 பேர்ச் எஞ்சும்.

1. ஒரு வீட்டுக்கு 10 பேர்ச் எனில் 1,390 வீடுகள். குடும்பத்துக்கு நால்வர் என்று கொண்டால் 5,500க்கு மேற்பட்டோர்.
2. 20 பேர்ச் எனில் ஏறத்தாழ 700 வீடுகள், 2,800 பேர்.
3. 40 பேர்ச் எனில் ஏறத்தாழ 350 வீடுகள், 1,400 பேர்.

ஒரு ஆரம்பப் பாடசாலையைச் சுற்றி கால் மைல் நடை தூரத்தில் 5,000 முதல் 9,000 வரையான மக்கள் வாழும் அலகாகக் குடியிருப்புகளை அமைக்க வேண்டும் என்று கிளரன்ஸ் பெரி 1929இல் நியூயோர்க் பிரதேசத் திட்டத்துக்காக எழுதினார். நம் 10 பேர்ச் கணக்கு அந்த எல்லைக்குள் வந்து விழுகிறது. ஆக, மாடி அடுக்குகள் இல்லாமலே, முற்றமும் ஒரு தென்னையும் உள்ள வீடுகளைக் கொண்டே ஒரு பாடசாலையையும் சில கடைகளையும் தாங்கக்கூடிய மக்கள்தொகையை நடை தூரத்துக்குள் அமைத்துவிடலாம். 40 பேர்ச்சில் அது சாத்தியமில்லை.

இந்தக் கணக்கைக் குலைக்கும் ஒன்று வெற்றுக் காணி. முதலீடாக வாங்கப்பட்டு, நான்கு புறமும் மதில் எழுப்பி, படலைக்குப் பூட்டுப் போட்டு, உள்ளே எருக்கலையும் நாயுருவியும் மண்டிக் கிடக்கும் துண்டுகள் பல புதிய குடியிருப்புகளில் உள்ளன. வரைபடத்தில் 10 பேர்ச் என்று இருந்தாலும், இரண்டுக்கு ஒன்று வெறுமையாக இருக்கும்போது உண்மையான அடர்த்தி 20 பேர்ச்சுக்கு ஒரு வீடுதான். இருமருங்கும் மதில் மட்டுமே உள்ள ஒழுங்கையில் மாலை ஆறரைக்குப் பின் தனியார் வகுப்பு முடிந்து தனியே நடந்துவர எந்தப் பெண்பிள்ளையையும் பெற்றோர் விடமாட்டார்கள். ஆள் நடமாட்டம் இல்லாததால் நடக்க அஞ்சுவதும், நடக்க அஞ்சுவதால் நடமாட்டம் குறைவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

விளைவுகள் யார் மீது விழுகின்றன?

*குடும்பத்தின் மீது.* பாடசாலை 3 கிலோமீற்றர் தூரத்தில் இருந்து, காலையில் கொண்டுபோய் விடவும் மதியம் கூட்டிவரவும் பெற்றோர் ஒருவர் செல்ல வேண்டுமானால் நாளுக்கு 12 கிலோமீற்றர். மாதத்துக்கு 20 பாடசாலை நாள் எனில் 240 கிலோமீற்றர்; மோட்டார் சைக்கிளுக்கு ஆறு லீற்றர் அளவில் பெற்றோல். பணமாகப் பார்த்தால் பலருக்கு இது தாங்கக்கூடியது. நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை: தொழிலுக்குப் போகும் தாயோ தந்தையோ ஒவ்வொரு நாளும் நடுப்பகலில் வேலையை விட்டு வர வேண்டும். 2022இல் இந்தச் சார்பு எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பட்டறிந்தோம். ஜூன் இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் இரவு கழித்தவர்கள் உண்டு. வீட்டுக்கு அருகே கடையும் பாடசாலையும் இருந்தவர்கள் அந்த மாதங்களைச் சைக்கிளிலும் கால்நடையிலும் கடந்தனர்.

*உள்ளூராட்சி மன்றத்தின் மீது.* 40 அடி முகப்புள்ள துண்டுகள் இருபுறமும் நிரம்பியிருந்தால் ஒரு வீட்டுக்கு 20 அடி நீளமான வீதியும் அதே நீளத்துக்குக் குழாயும் மின்கம்பியும் வடிகானும் போதும். முகப்பு 80 அடியானால் இரட்டிப்பு. பாதித் துண்டுகள் வெறுமையாகவும் இருந்தால் நான்கு மடங்கு. வீதி விளக்கும் குப்பை அகற்றலும் அப்படியே நீள்கின்றன. சோலைவரியோ சொத்தின் ஆண்டுப் பெறுமதியைக் கொண்டு அறவிடப்படுவது. வெற்றுக் காணியிலிருந்து வருவது சொற்பமே. பிரதேச சபை வீதி போட்டுத் தரவில்லை என்ற குறையின் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

*நீரோட்டத்தின் மீது.* மாரிகாலத்தில் மேற்கேயிருந்து வரும் வெள்ளம் வயல்களில் தங்கி, வாவியில் சேர்ந்து, முகத்துவாரங்கள் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும்; நீர் மட்டம் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவது இங்கு பழகிய காட்சி. 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரும்பகுதி நீரில் கிடந்ததை மறந்திருக்க முடியாது. வயலைக் கிரவல் கொட்டி நிரப்பிய ஒவ்வொரு துண்டும், அங்கே தங்கியிருந்த நீரைப் பக்கத்து வளவுக்குத் தள்ளுகிறது. வயற்காணியை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும் என்பதைக் காணி வாங்குவோர் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

*உயிரின் மீது.* முட்டி நிற்கும் ஒழுங்கைகள் எல்லாப் பயணங்களையும் பிரதான வீதிக்குத் தள்ளுகின்றன. போருக்குப் பின் காபட் இடப்பட்டு அகலமான அந்த வீதியில் நகரப் பகுதிக்கான வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு 40. நடப்போரும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் 30ஐத் தாண்டக் கூடாது என்று 2020இல் வீதிப் பாதுகாப்பு குறித்த ஸ்டொக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது. காரணம் எளிய பௌதிகம்: வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மேலும், 60இல் வரும் வாகனம், சாரதி ஆபத்தை உணர்ந்து தடுப்பில் கால் வைக்க எடுக்கும் ஒரு விநாடிக்குள்ளேயே 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். 30இல் அது எட்டு மீற்றர் அளவுதான்.

நடைபாதை என்று பல இடங்களில் நம்மிடம் இருப்பது மூடிய வடிகான். அதன் மேல் நடந்தால், ஓரிடத்தில் கொங்கிறீட் மூடி உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்ததில் மோட்டார் சைக்கிள்கள். அதற்கடுத்ததில் கடைக்காரர் பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்கியிருப்பார். ஒவ்வொரு முறையும் வீதிக்கு இறங்கி ஏற வேண்டியிருப்பதால் முதியவர்கள் முதலிலேயே வீதியோரமாக நடக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

வெயில் இன்னொரு தடை. கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் நண்பகல் நடை ஒரு தண்டனை. காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே நிற்கும் பேரீச்ச மரங்கள் ஊருக்குத் தனி அடையாளம். ஆயினும் பனை, தென்னை இனங்கள் நடப்பவருக்கு நிழல் தருவதில்லை, அவை நிற்பதும் வீதியின் நடுவில். வேம்பு, பூவரசு, மழைவாகை போன்றவை நடைபாதையின் ஓரமாக நின்றால்தான் பயன். அவற்றுக்கு வேரிட இடம் வேண்டும். 20 அடிப் பாதையின் இருபுறமும் மதிலை ஒட்டிக் கொங்கிறீட் போட்டுவிட்டால் அந்த இடமே இல்லாமல் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபை, தான் பிரகடனப்படுத்திய பகுதிகளில் துண்டாடலையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துகிறது; அனுமதி வழங்கும் பணி பெரும்பாலும் மாநகர, நகர, பிரதேச சபைகள் வழியாக நடக்கிறது. 1986ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், 1 ஹெக்டெயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது வீதிகள் நீங்கலாக 10 சதவீதத்துக்குக் குறையாத நிலத்தைச் சமூக, பொழுதுபோக்குத் தேவைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதித்தன. நல்ல விதிதான். இத்தகைய விதியில் இரண்டு ஓட்டைகள் உள்ளன.

1. 1 ஹெக்டெயர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். பத்து ஏக்கர் தோட்டத்தை இரண்டிரண்டு ஏக்கராக, வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வரைபடங்களாகக் கொண்டுவந்தால் எந்த வரைபடமும் அந்த எல்லையைத் தொடாது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தபின் பிள்ளைகள் விளையாட ஒரு பேர்ச் பொதுநிலமும் இராது.
2. எவ்வளவு என்பதைச் சொல்லும் விதி எங்கே என்பதை வற்புறுத்தாவிட்டால், ஒதுக்கப்படுவது விற்பனையாகாத மூலையோ நீர் தேங்கும் பள்ளமோ ஆகிவிடும். எல்லோரும் நடந்துவரக்கூடிய நடுவிடத்தில் இல்லாத பொதுநிலம் சில ஆண்டுகளில் குப்பை கொட்டும் இடமாவதே வழக்கம்.

ஒரு வரைபடத்தைத் தனியாக மட்டும் பார்த்து அனுமதிக்கும் வரை இவை தீரா. பக்கத்துக் காணி நாளை எப்படித் துண்டாடப்படும் என்பதையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பிரதேச வீதி வலைப்படம் ஒவ்வொரு சபையின் அலுவலகச் சுவரிலும் இருக்க வேண்டும். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. எந்தெந்தப் பாதைகள் எந்தத் திசையில் தொடர வேண்டும் என்று குறித்துவைத்து, அதற்கு இணங்காத வரைபடத்தைத் திருப்பி அனுப்பும் உறுதிதான் தேவை.

எதைச் செய்யலாம்?

புதிதாகத் துண்டாடப்படும் காணிகளில்:

1. பாதையை எல்லை வரை கொண்டுசென்று, அதன் நுனியில் வீட்டுத்துண்டு வைக்காமல், பாதைத் துண்டை உறுதி மூலம் சபைக்குக் கையளிக்க வேண்டும். பக்கத்துக் காணி துண்டாடப்படும்போது இரண்டும் தாமாகவே இணையும்.
2. நீண்ட வரிசைகளின் நடுவே 100 மீற்றருக்கு ஒருமுறையேனும் 6 அடி அகலமான குறுக்கு நடைவழி வேண்டும். 68 அடி ஆழமான துண்டொன்றின் ஓரமாக அது எடுத்துக்கொள்ளும் நிலம் 408 சதுர அடி, அதாவது ஒன்றரைப் பேர்ச். துண்டாடுபவருக்கு இது மிகச் சிறிய இழப்பு. குடியிருப்போருக்கு அரைக் கிலோமீற்றர் மிச்சம்.
3. முடக்குத் துண்டுகளில் வீட்டோடு சேர்ந்த கடைக்கு இடமளிக்க வேண்டும்.
4. பாதையின் ஒரு புறத்திலேனும் மரத்துக்கு மண் விட வேண்டும்.

ஏற்கெனவே அமைந்துவிட்ட குடியிருப்புகளில் வேலை கடினமானது, ஆனாலும் முடியாததல்ல. வெறுமையாகக் கிடக்கும் துண்டுகளே இங்கு வாய்ப்பு: முட்டி நிற்கும் இரண்டு ஒழுங்கைகளின் நுனியில் இன்னும் வீடு எழாத காணிகள் இருந்தால், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒன்றரைப் பேர்ச்சை ஒழுங்கைவாசிகள் கூடி விலைக்கு வாங்கிச் சபைக்கு எழுதிக் கொடுக்கலாம். வீடு எழுந்த பின் அந்த வாய்ப்பு மூடிவிடும். பாடசாலை வாசல்களில் வேகத்தடையும் ஒழுங்கான பாதசாரிக் கடவையும் அமைப்பதும், வடிகான் மூடிகளைத் திருத்துவதும் ஒரு ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்குள் அடங்கக்கூடியவை. நடப்போருக்கென்று ஒரு வழி கிடைத்தால் அது வெறுமையாகக் கிடக்காது என்பதற்குக் கல்லடியே சாட்சி: 1924இல் திறக்கப்பட்ட லேடி மன்னிங் பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் வந்தபின், கனரக வாகனங்கள் ஒழிந்த பழைய பாலத்தில் மாலை வேளைகளில் மக்கள் குடும்பமாக நடக்கின்றனர்.

காணி வாங்குவோர் விற்பனையாளரிடம் உறுதியையும் வரைபடத்தையும் கேட்டுப் பார்ப்பது வழக்கம்தான். அந்த வரைபடத்திலேயே மேலும் நான்கு விடயங்களைப் பார்க்கலாம்: பாதை எங்கே முடிகிறது, பாதைத் துண்டு யாருடைய பெயரில் இருக்கிறது, பொதுநிலம் ஒதுக்கப்பட்டிருந்தால் அது எந்த மூலையில் உள்ளது, கிட்டிய பாடசாலைக்கும் பேருந்துத் தரிப்பிடத்துக்கும் வான்வழித் தூரம் எவ்வளவு, நடைவழித் தூரம் எவ்வளவு. நடைவழித் தூரம் வான்வழித் தூரத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால், அந்தத் துண்டின் விலையோடு ஒரு மோட்டார் சைக்கிளின் விலையையும் அதன் எரிபொருளையும் சேர்த்தே பேரம் பேச வேண்டும்.